பழம் தோய்த்தல்

நான் சமைக்கும்போது குசினிக்குள் ஒருவரும் வரக்கூடாது. இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. யாழ்ப்பாணப் பக்கத்துச் சரவணையில் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவளுடைய கைப்பக்குவத்தைச் சாப்பிடலாம், ஆனால் அடுப்படியில் அவளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று. எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருடமாகிறது. என் கணவர் அந்த நிலைப்படியைத் தாண்டுவது குடித்து முடித்த தேத்தண்ணீர்க் கோப்பையைத் திருப்பி வைப்பதற்கு மட்டும்தான். பிறந்தநாள் கேக்கும் கலியாண வீட்டுப் பலகாரமும் நான் ஒருத்தியாகவே செய்து கொடுக்கிறேன். இரண்டு பேர் சமைத்தால் ஒருத்தி உப்புப் போடுவாள், மற்றவளும் போடுவாள்.

போன ஆவணியில் அக்கா பிரான்சிலிருந்து வந்தபோதும் இந்தச் சட்டம் மாறவில்லை. அக்கா என்னிலும் ஒன்பது வயது மூத்தவள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே நாட்டைவிட்டு வெளிக்கிட்டவள். அங்கே ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் இருபத்தொரு வருடம் வேலை செய்தாள். அத்தான் இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகன்மார் இருவரும் குடும்பமாகித் தனித்தனியே இருக்கிறார்கள். இந்த முறை அவள் தனியாகத்தான் வந்தாள்.

வந்த மறுநாள் காலை, கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒரு மாசம் இருந்து பாக்கப்போறன். ஒத்துவந்தால் அங்க எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு இஞ்சயே வந்திடுவன். ஒத்துவராட்டி மூத்தவனோட போய் இருக்கவேண்டியதுதான்."

"அதுக்கென்ன, உங்கட விருப்பம்" என்றேன் நான்.

சொன்ன சொல்லுக்கும் மனதில் கிடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அவள் வரவேண்டும். என் பிள்ளைகள் இருவரும் கொழும்பில். வீட்டில் நானும் இவரும்தான். இவர் நல்ல மனிதர், ஆனால் சண்டை பிடிக்கத் தெரியாதவர். நான் பத்துச் சொல் சொன்னால் இவர் ஒரு "ஓம்" சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கிவிடுவார். எனக்கு எதிரே நின்று ஒரு சொல்லாவது திருப்பிச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அக்கா ஒருத்திதான். அவள் வந்துவிட்டால் என் மிச்சக் காலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் வா என்று நான் கூப்பிட்டு வந்ததாக இருக்கக்கூடாது. அவளாகப் பார்த்து, பிரான்சுக்கு இந்த வீடு ஒன்றும் குறைந்ததில்லை என்று அவளாக முடிவெடுக்க வேண்டும். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

அதற்காக நான் செய்யாத வேலையில்லை. புது மெத்தை வாங்கினேன். குளியலறைக்குப் புதுப் பைப் பூட்டினேன். அவளை ஒரு துரும்பும் தூக்க விடவில்லை. அவள் குசினி வாசலில் வந்து நிற்பாள்.

"வெங்காயம் உரிச்சுத் தரட்டோ?"

"வேண்டாம். நீங்கள் போய்க் கதிரையில இருங்கோ."

"தேங்காயாவது துருவட்டோ?"

"என்னத்துக்கு? உங்களுக்கு வேர்க்கும். ஃபானுக்குக் கீழ இருங்கோ."

மூன்றாம் கிழமையளவில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சுகமாக இருக்கப் பழகிவிட்டாள் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டவேண்டும் போலிருக்கிறது.

ஆவணி மாதமென்றால் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு வெளிநாட்டுக்காரரால் நிறைந்திருக்கும். பிரான்சுக்காரர் இதை 'வக்கான்ஸ்' என்பார்கள், கனடாக்காரர் 'வெக்கேஷன்' என்பார்கள், எங்களுக்கு அது சோளகக் காற்றும் புழுதியும். அந்தப் பிள்ளைகளை எல்லாம் ஒரு பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டு ஏதாவது கொடுப்போம் என்று அக்காதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவளுடைய பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் லீவு விடுகிற அன்று நடந்த விருந்து. வெள்ளைத் தட்டு நிறைய, சொக்லேட்டில் தோய்த்தெடுத்த பழங்கள். சிலதில் தூவல், சிலதில் வெள்ளைக் கோடு. வடிவாகத்தான் இருந்தது.

"இதெல்லாம் இஞ்ச ஏலாது" என்றாள் அக்கா. "இந்த வெக்கைக்கு உருகி ஓடிப்போடும். யாழ்ப்பாணத்தில ஏதாவது கேக் ஓடர் குடுப்பம்."

என்னிடம் 'ஏலாது' என்ற சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது.

பத்து நாள் எடுத்துப் பழகினேன். கேக் சாமான் விற்கிற கடையில் கட்டிச் சொக்லேட் வாங்கி, கொதிதண்ணீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் இளகி வழவழவென்று வரும் என்று கண்டுபிடித்தேன். மாம்பழம் வழுக்கும், அது சரிவராது. அன்னாசி நல்லது, ஆனால் வெட்டி இரண்டு மணித்தியாலம் துணியில் பரப்பி வைக்கவேண்டும். கப்பல் வாழைப்பழம் கொஞ்சம் காய்ப்பதமாக இருக்கவேண்டும். முந்திரிகைப்பழம், அதுதான் திராட்சை, தங்கமான பழம், ஒரு கரைச்சலும் தராது. மூங்கில் குச்சி வாழைப்பழத்தைப் பிளந்தது. தென்னை ஈர்க்கை ஒட்டச் சீவி, இரண்டிரண்டாகச் சேர்த்துக் குத்தினேன், பிளக்கவில்லை. தோய்த்த பழத்தைச் சாய்க்காமல் காயவைக்க வாழை மரத்தில் ஒரு குத்தியை வெட்டி நிறுத்தி அதில் ஈர்க்கைக் குத்தினேன். பிரான்சில் இந்த வசதி இருக்காது. தூவலுக்கு வறுத்த கச்சான், நிலக்கடலை, இடித்துப் போட்டால் போதும்.

ஒரேயொரு எதிரி தண்ணீர். உருகின சொக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், அந்த நிமிடமே திரண்டு இறுகி மண்ணாங்கட்டியாகிவிடும். சட்டியின் ஆவி பட்டே முதல் தரம் எனக்கு ஒரு கட்டி பாழானது. அதற்குப் பிறகு கரண்டியைக்கூட மூன்று தரம் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன்.

விருந்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. விடிய எழும்பிப் பழமெல்லாம் வெட்டித் தட்டுகளில் பரப்பித் துணியால் மூடினேன். நுவரெலியாவிலிருந்து வந்த ஸ்ட்ரோபரிப் பழம் இரண்டு பெட்டி எடுத்து வைப்பதாகப் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அதை வாங்கி வர முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். போகமுதல், வழக்கம்போல, அன்றைய வேலைகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அது யாருக்கும் எழுதியதல்ல, எனக்கு நானே எழுதிக்கொள்வது. பள்ளிக்கூடப் பரீட்சையில் தமிழுக்கு விசேட சித்தி எடுத்தவள் நான், பட்டியல் எழுதினாலும் செந்தமிழில்தான் எழுதுவேன். ஈர்க்குச் சீவுதல். கச்சான் இடித்தல். பழம் தோய்த்தல். விறாந்தை கூட்டுதல்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். இவர் கதிரை எடுக்க வாசிகசாலைக்குப் போயிருந்தார். குசினிக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அக்கா வீட்டுச் சட்டையோடு, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு நின்றாள். என் தட்டுகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. பெரிய பேசின் இரண்டு நிறையத் தண்ணீர். அதற்குள் என் அன்னாசித் துண்டுகள் மிதந்தன. முந்திரிகைப்பழம் மிதந்தது. தோலுரித்து வெட்டிய வாழைப்பழத் துண்டுகள் ஊறிக் கரைந்துகொண்டிருந்தன. வந்து நாலு கிழமையில் அவளுடைய முகத்தை நான் அவ்வளவு வெளிச்சமாகக் கண்டதில்லை.

"எல்லாத்தையும் தோய்ச்சிட்டன்" என்றாள். "கிணத்துத் தண்ணி உவர் எண்டு நல்ல தண்ணிக் கானைத்தான் எடுத்தனான். மூண்டு தண்ணி மாத்தியிருக்கிறன்."

அந்த நல்ல தண்ணீரும் விருந்துக்கு வருகிற பிள்ளைகள் குடிக்க என்று வைத்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" என்றேன். "வெட்டின பழத்தை ஆராவது தண்ணிக்குள்ள போடுவினமோ? உங்களை ஆர் இதுக்குள்ள வரச் சொன்னது? வந்த ஆக்கள் வந்த ஆக்களா இருக்கவேணும்."

அக்கா ஈரக் கையால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். பழம் தோய்த்தல். என்னுடைய கையெழுத்து, என்னுடைய செந்தமிழ்.

எங்கள் பக்கத்தில் தோய்ப்பது உடுப்பை. சவர்க்காரம் போட்டு, கல்லில் அடித்து, அலசிப் பிழிவது தோய்ப்பது. சனிக்கிழமை எண்ணெய் வைத்துத் தலைக்கு வார்த்தால் அது தோய்வது. பாணைத் தேத்தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டாலும் தோய்ப்பதுதான், நான் அந்தத் தோய்த்தலைத்தான் எழுதினேன். ஆனால் எங்கள் வீட்டில் பிறந்த எவளுக்கும் 'தோய்த்தல்' என்று தனியாக எழுதிக் காட்டினால் கையெல்லாம் கிணற்றடிப் பக்கம்தான் போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் எழுத்தால் கெட்டேன்.

இதெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் வாயை மூடினேனா என்றால் இல்லை. "வாசிச்சால் என்னட்டை ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கலாம்தானே" என்று அதற்கும் ஒன்று சொன்னேன். அக்கா கையைத் துவாயில் துடைத்தாள், மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள், என்னைத் தாண்டிப் போனாள்.

நான் பழங்களை அள்ளித் துணியில் போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அன்னாசி நசிந்து இன்னும் தண்ணீர் விட்டது. பதறாத காரியம் சிதறாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும், ஆனால் நான் பதறிக்கொண்டுதான் நின்றேன். காய்ந்தது போதும் என்று நானே முடிவெடுத்து, சொக்லேட்டில் பாதியை உருக்கி, முதல் அன்னாசித் துண்டை இறக்கினேன். கிண்ணம் முழுக்கத் திரண்டுவிட்டது. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் சேர்ந்து எழும்பியது.

அந்த நேரம் இவர் கதிரைகளோடு வந்தார். குசினி வாசலில் நின்று, உள்ளே வராமல், மெதுவாகக் கேட்டார்.

"உம்மட அக்கா ஏன் சீலை உடுத்திக்கொண்டு இருக்கிறா? எங்கயும் போறாவோ?"

விறாந்தையை எட்டிப் பார்த்தேன். அக்கா நீலப் பட்டுச் சீலை உடுத்தி, தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஃபானுக்குக் கீழ் இருந்தாள். விருந்துக்கு இன்னும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்திருக்கவும் இல்லை. அயல் வீட்டுக்கு வந்து சாப்பாடு போடும்வரை காத்திருக்கிற ஆளைப் போல, மரியாதையாக, நேராக இருந்தாள். நாலு கிழமையாக நான் அவளை இருத்தி வைத்த அதே கதிரை.

அவள் இந்த மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது மெத்தையையும் பைப்பையும் அல்ல. இந்த வீட்டில் தனக்கு ஒரு வேலை இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள். வெங்காயத்தைக் கேட்டாள், தேங்காயைக் கேட்டாள், ஒன்றுக்கும் நான் விடவில்லை என்றதும், நான் இல்லாத நேரம் பார்த்து ஒரு பட்டியலில் ஒரு வரியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அதையும் நான் பறித்துவிட்டேன்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தச் சொல் எனக்கு வாயில் வராது. அவளுக்கு முன்னால் போய் நின்று, "பழம் காயுதில்லை, அக்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"துடைச்சுப் பாத்தன். சொக்லேட் பாதி போட்டுது. எனக்கு ஏலாமக் கிடக்கு."

"துடைச்சால் காயாது" என்றாள் அக்கா. "நசிஞ்சு சாறு விடும். ஆர் உன்னைத் துடைக்கச் சொன்னது?"

"பிறகு என்ன செய்யிறது?"

"இருபத்தொரு வருசம் எனக்கு அங்க இதுதானே வேலை. காலமை ஆறு மணிக்குப் போனால் பழமும் இலையும் கழுவிறது, காயவைக்கிறது. கடையிலை வேலை எண்டு சொன்னால் நீங்கள் எல்லாரும் என்ன நினைச்சனீங்களோ தெரியாது."

நான் ஒன்றும் நினைத்திருக்கவில்லை. அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதுதான் உண்மை.

அவள் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, பட்டுச் சீலையின் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினாள். குசினிக்குள் வந்ததும் அவளுடைய குரலே மாறிவிட்டது. "இடியப்பத் தட்டு எத்தினை இருக்கு? எல்லாத்தையும் எடு. ஒண்டோடொண்டு முட்டாமப் பரப்பு. கீழாலயும் காத்துப் போகவேணும். வெளியில வைக்காதை, சோளகம் புழுதியைக் கொண்டந்து போடும். அந்த நிக்கிற ஃபானைக் கொண்டு வா." வாழைப்பழத்தைப் பார்த்து, "இது சரிவராது, மாட்டுக்கு வை. குலையில மிச்சம் கிடக்குத்தானே, கடைசி நேரத்தில வெட்டுவம்" என்றாள். நான் தட்டெடுத்தேன், ஃபான் கொண்டுவந்தேன், வாழைப்பழத்தை வாளியில் போட்டேன். என் குசினியில் எனக்கு ஒருத்தி வேலை ஏவியது அதுதான் முதல் தடவை. நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

திரண்ட சொக்லேட்டை எறிய எனக்கு மனமில்லை. சூடான பாலை விட்டு அடித்தேன், கரைந்து நல்ல குடிபானமாக வந்தது. இதற்கு மட்டும் அக்கா தலையாட்டினாள்.

முக்கால் மணித்தியாலத்தில் பழங்கள் தொட்டால் கையில் ஈரம் ஒட்டாமல் காய்ந்திருந்தன. மிச்சச் சொக்லேட்டை உருக்கினேன். நான் தோய்க்க, அக்கா வாங்கிக் கச்சானில் புரட்டி வாழைக்குத்தியில் குத்தினாள். கச்சான் கூடிப்போனது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"அந்தத் தாளைப் பாத்திட்டு முதல் சிரிச்சனான்" என்றாள் அவள், ஈர்க்கிலேயே கண்ணை வைத்துக்கொண்டு. "வெட்டின பழத்தைத் தோய்க்கிறதாம் எண்டு. பிறகு யோசிச்சன், நான் போய் எத்தினை வருசம், இப்ப இஞ்ச பழத்துக்கும் அப்பிடித்தான் சொல்லீனமாக்கும், கேட்டால் இதுவும் தெரியாதோ எண்டு நீ சிரிப்பாய் எண்டு."

தமிழுக்கு விசேட சித்தி எடுத்த நான் அடுத்த பழத்தைத் தோய்த்து அவளிடம் நீட்டினேன்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களோடு தாய்மார், மாமிமார் என்று விறாந்தை நிறைந்துவிட்டது. ஒரே நேரத்தில் வெளியில் வைத்தால் உருகும் என்று பன்னிரண்டு பன்னிரண்டாகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஸ்ட்ரோபரியை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை, அது அவர்களுக்குத் தினமும் காண்கிற சாமான். அடிபிடி கச்சான் ஒட்டின வாழைப்பழத்துக்குத்தான். கனடாவிலிருந்து வந்த ஒரு பெட்டைப் பிள்ளை ஐந்தாவதைக் கடித்துக்கொண்டே, ஆறாவது இருக்கிறதா என்று தாயைக் கேட்கச் சொன்னது. கச்சான் கூடினதுதான் நல்லதாகப் போயிற்று என்று இங்கே எழுதி வைக்கிறேன். அக்காவிடம் சொல்ல மாட்டேன்.

ஆறு மணியாகச் சனம் கலைந்தது. வெறும் ஈர்க்குகளும் கோப்பைகளும் விறாந்தை முழுக்கக் கிடந்தன. கடைசியாகப் போனவர் முன்வீட்டு மாமி. படலை வாசலில் நின்று, இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த எவரையும் எவரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, அப்ப எப்ப திரும்பிப் போறாய்?"

அக்காவின் கையில் ஒரு வெறும் தட்டு இருந்தது. பட்டுச் சீலையில் இரண்டு இடத்தில் சொக்லேட். என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்ப போறது?" என்று கேட்டாள். மாமியும் என்னைப் பார்த்தார்.

ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். எதற்கும் மறுமொழி கையோடு வைத்திருப்பவள். அதுக்கென்ன உங்கட விருப்பம் என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். மாமி நிற்கிறார் என்றும் பார்க்காமல், "போகாதேங்கோ, அக்கா" என்றேன்.

அக்கா சொன்னாள், "ஒரு மாசமா அதைச் சொல்லுறதைத் தவிர மற்ற எல்லாம் செய்தாய்."

சொல்லிவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.